காலைப் பிடித்தவன்

கஜேந்திர மோட்சம் கதையை யார் சொன்னாலும் என் கண் முதலையின் மேல்தான் போகும். யானைக்குப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தாமரைப் பூவைத் துதிக்கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அது அழுதது, உயிர் போகிறதே என்றல்ல, பூ பெருமாள் திருவடியில் சேருமுன் வாடிவிடுமே என்றுதான் என்று உபன்யாசகர் சொல்லும்போது கூட்டம் மூக்கை உறிஞ்சும். முதலைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. யானை ஜீவன், குளம் சம்சாரம், முதலை நாம் செய்த பாவம் என்று ஒரே மூச்சில் கணக்கு முடிந்துவிடும்.

எனக்கு அந்தக் கணக்கு ஒப்பவில்லை. சிதம்பரம் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். வீடு பழைய கொள்ளிடக் கரையில். எங்கள் ஊரில் முதலை என்பது பாவத்தின் உருவகம் அல்ல. அது வாய்க்கால் மதகுக்குக் கீழே நிஜமாகவே கிடக்கும். ஆட்டுக்குட்டியைக் காணவில்லை என்றால் முதலில் ஆற்றங்கரைச் சேற்றில் வால் இழுத்த தடம் இருக்கிறதா என்றுதான் பார்ப்போம். வனத்துறையினர் பிடித்துக்கொண்டு போய் வக்காரமாரி ஏரியில் விடுவார்கள். அடுத்த மழைக்கு வேறொன்று வந்து சேரும். அடுத்த வீட்டில் இருப்பதைப் பாவம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. அதனால் கதையை மூலத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று தேடிப் படித்தேன்.

பாகவதத்தின் எட்டாவது ஸ்கந்தம். அங்கே முதலைக்குச் சொல்லியிருக்கும் பெயர் ‘க்ராஹம்’. பிடிப்பது என்று பொருள், அவ்வளவுதான். செதில் இல்லை, வால் இல்லை, பல் இல்லை. செயலே பெயர். பிடித்தல் என்ற அந்த வேரிலிருந்து நாம் தினமும் வாயில் போட்டு மெல்லுகிற சொற்கள் எத்தனை என்று பாருங்கள். ஜாதகத்தில் நம்மைப் பிடித்து ஆட்டும் கிரகம். சூரியனைப் பிடிக்கும் கிரகணம். மணமகன் கைப்பிடிக்கும் பாணிக்கிரகணம். பாடத்தைப் பிள்ளை பிடித்துக்கொள்ளும் கிரகிப்பு. கருவறையில் நிற்கும் விக்கிரகம். எல்லாவற்றுக்கும் மேலே அனுக்கிரகம். யானையின் காலைப் பிடித்ததும், யானையைக் காப்பாற்ற வந்ததும் ஒரே வேர்ச்சொல்லின் இரண்டு கிளைகள். இதைச் சொல்லித்தர எந்த உபன்யாசகருக்கும் தோன்றாதது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

பிடிப்பது எது என்று அந்தப் பெயர் உடைத்துச் சொல்லாததால் சிற்பிகளுக்கும் வசதியாகப் போயிற்று. உத்தரப் பிரதேசத்தின் தேவ்கட்டில் குப்தர் காலத்துத் தசாவதாரக் கோயில் இருக்கிறது. அதன் சுவரில் கஜேந்திர மோட்சத்தைச் செதுக்கியவர் முதலையையே வைக்கவில்லை. யானையின் கால்களைச் சுற்றி வளைத்திருப்பது ஒரு நாகம். கருடன் மேல் பெருமாள் இறங்குகிறார், நாகம் கைகூப்பி நிற்கிறது. பிடி முக்கியம், பிடித்த பிராணி எதுவானாலும் சரி என்று சிற்பி நினைத்திருக்கிறார் போல.

மற்றவர்கள் வேறு வழியில் பெயர் வைத்தார்கள். நைல் நதிக்கு வந்த அயோனியக் கிரேக்கர்கள் அந்தப் பூதத்தைப் பார்த்துவிட்டுத் தங்கள் ஊர்ச் சுவர்களில் ஓடும் பல்லியின் பெயரையே வைத்தார்கள் என்று ஹெரடோட்டஸ் எழுதுகிறார். அந்தக் ‘குரோகோடைலோஸ்’தான் இன்று உலகமெல்லாம் சுற்றுகிறது. எகிப்தியரோ அதை சோபெக் என்று தெய்வமாக்கி, கோம் ஓம்போவில் கோயில் கட்டி, செத்த முதலைகளைப் பதப்படுத்தித் துணி சுற்றி வைத்தார்கள். வளர்த்த முதலைக்குக் காதில் பொன்னும் முன்னங்காலில் காப்பும் போட்டார்கள். அதே நாட்டில் எலிபன்டைன் தீவுப் பக்கத்தார் அதைச் சமைத்துத் தின்றார்கள். இதையும் ஹெரடோட்டஸ்தான் சொல்கிறார். ஒரே ஆறு, ஒரே பிராணி. ஒரு துறையில் சாமி, அடுத்த துறையில் குழம்பு.

நம் சங்கப் புலவர்கள் முதலை, இடங்கர், கராம் என்று மூன்றாகப் பிரித்தே சொன்னார்கள். குறிஞ்சிப்பாட்டில் மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. இந்தியாவில் இன்று இருப்பதும் மூன்று இனம்தான்: நன்னீரில் வாழும் மக்கர், கழிமுகத்து உவர்நீர் முதலை, வடக்கே கங்கை வழி ஆறுகளில் நீண்ட மூக்குக் கரியால். எது எது என்று பொருத்திப் பார்க்கும் ஆசை வகுப்பில் எனக்கு அடிக்கடி வந்ததுண்டு. மக்கர் என்ற பெயரே ‘மகரம்’தான், வடக்கே போய் இளைத்துத் திரும்பியிருக்கிறது. ‘கும்பீரம்’ என்ற இன்னொரு பெயர் பௌத்தர்களோடு கிளம்பி ஜப்பான் வரை போய் ‘கொன்பிரா’ ஆகி, ஷிகோகு தீவின் மலைக்கோயிலில் மாலுமிகளைக் காக்கும் தெய்வமாக உட்கார்ந்துவிட்டது. கால்களை இழுக்கும் பிராணியின் பெயரைச் சொல்லித்தான் அங்கே கப்பலேறுகிறார்கள். அதே பெயர் இலங்கையில் சிங்களத்தில் ‘கிம்புலா’ ஆகி, சீனி தூவிய ஒரு நீள பனிஸுக்கும் சூட்டப்பட்டிருக்கிறது. சரி, இது பக்கவாட்டுப் பேச்சு.

பாகவதத்துக்கு வருகிறேன். முதலை முற்பிறவியில் ஹூஹூ என்ற கந்தர்வன். தேவலர் என்ற முனிவரின் சாபத்தால் முதலையானான். யானை முற்பிறவியில் இந்திரத்யும்னன் என்ற பாண்டிய மன்னன், திராவிடர்களில் சிறந்தவன் என்றே மூலம் சொல்கிறது. மௌன பூசையில் இருந்தபோது அகத்தியர் வந்ததைக் கவனியாமல் சாபம் வாங்கினான். ஹூஹூ என்ன தப்புச் செய்தான் என்பதைக் கதை சொல்லிகள் விரித்துச் சொல்வார்கள். பெண்களோடு நீரில் விளையாடிக்கொண்டிருந்தவன், அதே நீரில் குளித்துக்கொண்டிருந்த முனிவரின் காலை நீருக்கடியில் போய்ப் பிடித்து இழுத்தான். சும்மா, விளையாட்டுக்கு. காலைப் பிடித்து இழுப்பதுதான் உனக்குப் பிடிக்கும் என்றால் அதற்கென்றே ஆன உடம்பை எடுத்துக்கொள் என்றார் முனிவர்.

எனக்குக் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஹூஹூவின் பாவம் முதலையான பிறகு செய்ததல்ல. விலங்குப் பிறவி போக யோனி, அதாவது பழைய வினையை அனுபவித்துத் தீர்க்கும் பிறவி. புதிய வினை சேர்ப்பது மனிதப் பிறவிதான் என்பது நம் சாத்திரங்கள் பொதுவாக ஒப்புக்கொண்ட கொள்கை. அப்படியானால் குளத்தில் இறங்கிய யானையின் காலை அந்த முதலை கவ்வியதில் ஒரு துளி பாவமும் கிடையாது. முதலையாக இருந்த காலம் முழுவதும் அது நிரபராதி. கந்தர்வனாக, அழகாக, பாட்டுப் பாடிக்கொண்டு, பசியே இல்லாமல் ஒருவர் காலைப் பிடித்து இழுத்தானே, அந்த ஒரு நிமிடம்தான் குற்றம். பசித்துப் பிடிப்பது வேறு, ரசித்துப் பிடிப்பது வேறு. மேடையில் முதலையைப் பாவம் என்று சொல்லும்போது இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

முதலை எப்படிப் பிடிக்கும் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நடவு முடிந்த வயல் வாய்க்காலில் ஒரு மக்கர் புகுந்துவிட்டது. ஏழெட்டு அடி இருக்கும். வனத்துறை ஆட்களோடு எங்கள் ஊர்ப் பையன்கள் நாலு பேர் சேர்ந்தார்கள். முதலில் ஈரச் சாக்கை வீசிக் கண்ணை மூடினார்கள். கண் மூடியதும் அது பாதி அடங்கியது. ஒருவர் முதுகில் ஏறி உட்கார்ந்து கழுத்தை அழுத்த, இன்னொருவர் தாடையைக் கையால் சேர்த்துப் பிடித்துக் கயிற்றைச் சுற்றினார். வெறும் கை! பெண்கள் வாயில் துணியை வைத்துக்கொண்டு நின்றார்கள். நான் பத்தாண்டுகளாகக் கரும்பலகையில் வரைந்து காட்டியது அன்று கண்முன் நடந்தது. முதலையின் வாயை மூடுகிற தசை எலும்பை நொறுக்கும், திறக்கிற தசையோ சோனி. மூடிய வாயை ஒரு முரட்டுக் கயிறு போதும், கட்டி வைக்க. பிடிப்பதற்காகவே செய்யப்பட்ட உடம்பு அது. விடுவதற்கு அதனிடம் பெரிய ஏற்பாடு ஏதும் இல்லை.

ஆனால் அதே வாய்தான் தொட்டிலும். முட்டைக்குள் குஞ்சுகள் கத்தத் தொடங்கியதும் தாய் மணலைத் தோண்டி, பிறந்த குஞ்சுகளைப் பற்களுக்கு நடுவே ஏந்தி நீருக்குக் கொண்டுபோகும். மகாபலிபுரம் சாலையில் வடநெம்மேலியில் 1976-ல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய முதலைப் பண்ணையில் ஆண் மக்கர்கூடக் குஞ்சுகளை வாயில் தூக்கிப்போவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் முட்டை கிடந்த மணலின் சூடு முடிவு செய்துவிடுகிறது. அதாவது பிறப்பதற்கு முன்பே பாதி வாழ்க்கை முடிவாகிவிடுகிற ஒரு ஜீவன். அதைக் கூண்டில் நிறுத்தி நீ ஏன் பிடித்தாய் என்று கேட்பதா?

கேட்கக்கூடாது என்றால் உடனே எதிர்ப்பக்கம் ஓடிவிடுகிறார்கள் சிலர். கேரளத்தில் காசர்கோடு மாவட்டம் அனந்தபுரம் ஏரிக்கோயிலில் பபியா என்று ஒரு முதலை இருந்தது. பூசாரி கொடுக்கும் வெல்லம் கலந்த சோற்றைத் தின்னும், குளிப்பவர்களைத் தீண்டாது என்று புகழ் பெற்றது. 2022 அக்டோபரில் அது செத்தபோது மாலை போட்டு, ஊரே திரண்டு அடக்கம் செய்தார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்காதது ‘சைவ முதலை’ என்ற பட்டம். சோறு மட்டும் தின்று உயிர் வாழ முதலையின் குடலுக்கு வக்கில்லை. ஏரியில் கிடைத்ததையும் அது தின்றுதான் வாழ்ந்திருக்க வேண்டும். தின்னட்டுமே. சோறு தின்றால்தான் கோயிலில் இடம் என்று முதலைக்கும் விதி போட்டுவிட்டால் நம் பக்தி எவ்வளவு குறுகலானது! முதலையாகவே இருந்து பெருமாள் குளத்தில் கிடக்க அதற்கு உரிமை இல்லையா?

பாகவதக் கதை சொன்னவருக்கு இந்தக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆயிரம் ஆண்டு நடந்த இழுபறியில் யானையின் பலம் வற்றிக்கொண்டே வந்தது, முதலையின் பலம் கூடிக்கொண்டே போனது, அது நீர்வாழ் உயிர் ஆயிற்றே என்று நியாயத்தோடு எழுதுகிறார். (நிஜ முதலை ஒரு மூச்சு வெறியோடு போராடிவிட்டுச் சீக்கிரம் களைத்துப்போகும். ஆயிரம் ஆண்டைப் புராணக் கணக்கில் விட்டுவிடுகிறேன்.) வள்ளுவரும் இடனறிதல் அதிகாரத்தில் முதலையை வைத்து இதைத்தான் சொன்னார். அது தன் தண்ணீரில் நிற்கும்வரைதான் ராஜா. பெருமாள் வந்ததும் முதலில் செய்த காரியம் அதை ஒட்டித்தான். கருடனிலிருந்து இறங்கி, முதலையோடு சேர்த்தே யானையைக் கரைக்கு இழுத்தார், கருணையால் இழுத்தார் என்கிறது மூலம். பிறகுதான் சக்கரம் வந்து முதலையின் வாயைப் பிளந்தது. இரண்டையும் ஒரே கையால் தூக்கி வெளியே போட்ட அந்தக் கணத்தில் யார் அடியார், யார் பகை என்ற பிரிவினை இல்லை. எனக்குக் கதையிலேயே பிடித்த இடம் இது. கபிஸ்தலத்தில் கஜேந்திர வரதரைச் சேவிக்கும்போதெல்லாம் என் நினைப்பில் இருப்பது இந்தத் தூக்கல்தான்.

பிடியை விடுவிக்க நம் நாட்டில் வேறு வழிகளும் சொல்லியிருக்கிறார்கள். காலடியில் பூர்ணா நதிக்கரையில் முதலைக்கடவு என்றே ஒரு துறை இருக்கிறது. சிறுவன் சங்கரனின் காலை முதலை கவ்வ, துறவுக்கு அனுமதி கொடு அம்மா என்று அவன் கத்த, தாய் ஆர்யாம்பா சரி என்றதும் முதலை விட்டுவிட்டது. நன்றாகப் பார்த்தால் அங்கே இரண்டு பிடிகள். கீழே முதலை, கரையில் தாய். மேலேயுள்ள பிடி தளர்ந்த பிறகுதான் கீழேயுள்ளது தளர்ந்தது. பிள்ளைகள் பெற்றவள் என்ற முறையில் அந்தக் கதையை நான் அவ்வளவு சந்தோஷமாகக் கேட்பதில்லை. ஒரு தாயிடம் கழுத்தில் கத்தி வைத்து வாங்கிய சம்மதம் அது என்ற எண்ணம் போகவே மாட்டேன் என்கிறது.

அவிநாசிக் கதை அதற்கு மறுதலை. குளிக்கப் போன இரண்டு பிள்ளைகளில் ஒன்றை முதலை விழுங்கியது. ஆண்டுகள் கழித்து, பிழைத்த பிள்ளையின் வீட்டில் பூணூல் கல்யாண மேளம், எதிர்வீட்டில் அழுகை. அந்தத் தெரு வழியாகச் சுந்தரர் வருகிறார். அவர் பதிகம் பாட, முதலை வந்து பிள்ளையைக் கரையில் உமிழ்ந்தது. இறந்த நாளில் இருந்த வயதோடு அல்ல, இடையில் போன ஆண்டுகளின் வளர்ச்சியோடு. அந்தத் தாய்க்கு ஒரு வருடமும் நஷ்டமில்லை. சேக்கிழார் முதலையைத் தண்டிக்கவுமில்லை. வாங்கி வைத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அது போய்விடுகிறது.

கிரேக்கத் தர்க்கக்காரர்களிடமும் பிள்ளையைக் கவர்ந்த முதலை ஒன்று உண்டு. நான் என்ன செய்யப் போகிறேன் என்று சரியாகச் சொன்னால் பிள்ளையைத் தருகிறேன் என்றது முதலை. தரமாட்டாய் என்றாள் தாய். இப்போது தந்தால் அவள் சொன்னது பொய், பொய் சொன்னவளுக்குத் தரவேண்டியதில்லை. தராவிட்டால் சொன்னது மெய், மெய்க்குத் தந்தாக வேண்டும். அந்த முடிச்சில் முதலை மாட்டிக்கொண்டு விழிப்பதோடு அவர்கள் கடையைக் கட்டிவிடுவார்கள். பிள்ளை வீடு வந்து சேர்ந்ததா என்று எவரும் கேட்பதில்லை. கெட்டிக்காரத்தனத்துக்கு ரசிக்கலாம். அழுகிற வீட்டுக்குப் போகும்போது கையில் எடுத்துக்கொண்டு போகிற சரக்கல்ல.

அழுகிற வீடு என்றால் என் கொள்கை எனக்கே தடுமாறும். முதலை நிரபராதி என்று திண்ணையில் உட்கார்ந்து எழுதலாம். கடிபட்டவர் முன்னால் சொல்ல நா எழுமா? என் அம்மாவுக்குச் சித்தி மகள், எனக்குச் சின்னம்மா, எங்கள் தெருவிலேயே இருக்கிறார். ஆற்றங்கரையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது முதலை அவர் இடது கையைக் கவ்வியது. சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள் மண்வெட்டிக் காம்பால் அடித்து விடுவித்தார்கள். கை பிழைத்தது, மூன்று விரல்கள் மடங்காது. நான் பயந்துகொண்டேதான் ஒருநாள் கேட்டேன், அதன்மேல் உங்களுக்குக் கோபம் வரவில்லையா என்று.

“அது மேல என்ன கோவம் பாப்பா? அதுக்குத் தெரிஞ்சத அது செஞ்சுது. தண்ணியில கையத் தொழாவுனது நான். ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப நாலு பசங்க போனத் தூக்கிக்கிட்டு வந்தானுவ. எப்புடி கவ்வுச்சு, கையத் தூக்கி ஒருவாட்டி நடிச்சுக் காட்டுங்க பாட்டின்னானுவ. மாட்டேன்னா வுட மாட்டேங்குறான். அவனுவள நெனச்சாத்தான் இன்னிக்கும் பத்திக்கிட்டு வருது.”

ஹூஹூவின் கதையை அன்று அவருக்குச் சொன்னேன். முனிவரின் காலை இழுத்த இடம் வந்ததும், “ஆமா, அதே பசங்கதான்” என்றார்.

போன வருடம் மார்கழியில் எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் உபன்யாசம். முடிந்து தீர்த்தம் வாங்கும்போது கேட்டுவிட்டேன். “ஸ்வாமி, யானைக்குப் பெருமாள் தம் ரூபத்தையே கொடுத்துக் கூடவே கூட்டிக்கொண்டு போனார். முதலை பழையபடி கந்தர்வனாகித் தன் உலகத்துக்குத்தான் போனது. ஒரே கையால் தூக்கியவர் ஏன் இரண்டு தட்டு வைத்தார்?”

அவர் சிரித்தார். “அடியவன் காலைப் பிடித்ததால் முதலைக்குத்தான் முதலில் விமோசனம் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு, அம்மா. மோட்சம் என்று கேட்டால், அது கேட்கவில்லையே. யானை கேட்டது.”

அந்தப் பதிலில் சம்பிரதாயத்தின் வாசனை இருக்கிறது, மறுப்பதற்கில்லை. தன் பலத்தை விட்டுவிட்டு ஆதிமூலமே என்று கூப்பிடுவதுதான் சரணாகதி. கூப்பிட்டவனுக்கு வருவான் என்பதுதான் வைணவத்தின் உயிர். ஆனால் கேட்க வாய் வேண்டும். முதலையின் வாய் முழுக்க யானையின் கால். வாயைத் திறந்து கூப்பிட வேண்டுமென்றால் அது பிடியை விட்டாக வேண்டும், பிடியை விட்டுவிட்டால் பிறகு கூப்பிடவே வேண்டியதில்லை. ஹூஹூவும் எதைக் கேட்டிருப்பான்? விளையாட்டில் போன வீடு திரும்பக் கிடைத்தால் போதும் என்றிருப்பான், அது கிடைத்தது. அவனுக்குக் குறைவாகக் கிடைத்தது என்று முடிவு கட்ட நான் யார் என்றும் ஒரு பக்கம் தோன்றுகிறது. ஸ்வாமியிடம் இதையெல்லாம் சொல்ல வரிசையில் பின்னால் நின்றவர்கள் விடவில்லை.

திரும்பும் வழியில் சின்னம்மா வீட்டில் பிரசாதம் கொடுக்கப் போனேன். நடந்த பேச்சைச் சொன்னேன். வலது கையால் பொங்கலை எடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர், மோட்சத்தையெல்லாம் தள்ளிவிட்டு வேறொன்று கேட்டார்.

“சக்கரத்தால வாயப் பொளந்தாருன்னியே. அதுக்கு வலிச்சிருக்குமா பாப்பா? கெட்டித் தோலாச்சே.”

இதற்கு எனக்குப் பதில் தெரியும். முதலையின் தாடையைச் சுற்றி மிளகு தூவியதுபோல் கரும்புள்ளிகள் இருக்கும். ஒவ்வொன்றும் தொடுவுணர்வு மொட்டு. தண்ணீரில் ஒரு சொட்டு விழுந்தாலும் அதற்குத் தெரிந்துவிடும். நம் விரல் நுனியைவிடக் கூர்மையான உணர்வு அந்த இடத்தில் இருப்பதாக ஆய்வில் கண்டிருக்கிறார்கள். வலித்திருக்கும் சின்னம்மா, மற்ற எந்த இடத்தைவிடவும் அங்கேதான் அதிகம் வலித்திருக்கும் என்றேன்.

“அப்ப அவரு சக்கரம் இல்லாமலே வாங்கியிருக்கலாம்” என்றார். “நம்ம பசங்க கயிறும் சாக்கும் வச்சிப் புடிக்கலையா?”